பேனைப் பெருமாளாக்க வேண்டாம்

"ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது" என்று ஒரு பழமொழி நம்மவரிடையே வழங்கி வருகிறது. அற்ப விஷயத்தை ஊதிப் பெரிதாக்குவோரைக் குறித்துச் சொல்லும் சொல் அது. ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்கி வரும் அழகரை எதிர்கொண்டு, வீரராகவப் பெருமாள் கோயிலில் எழுந்தருளச் செய்து உபசரிக்கும் பேறு பெற்ற ஊர் வண்டியூர். மெய்யான பெருமாளையே வரவேற்கும் அவ்வூரார்க்குப் பேனைப் பெருமாளாக்க வேண்டிய அவசியம் சிறிதும் இல்லை. ஆயினும் அவ்வூரிலும் அதனை அடுத்துள்ள மதுரை நகரத்துப் பகுதிகளிலும் சில வகுப்பறைகளில் அக்காரியமே நடந்து வருவதாக அறிந்து வருந்துகிறோம். பேனைப் பற்றித் தலையங்கமா என்று நேயர்களிற் சிலர் நகைக்கக் கூடும். முடிவு வரை படித்த பின்னர் நகைக்கும்படி அவர்களை வேண்டிக்கொள்கிறோம்.

வண்டியூர்ப் பக்கத்துப் பெற்றோர் சிலர் நம்மிடம் சொன்ன முறையீட்டின் சாரம் இது. பெண் குழந்தை ஒருத்தியின் தலையில் பேன் இருப்பதை வகுப்பில் கண்டார்கள். மறுநாள் முதல் அவள் கடைசி வரிசையில் தனியே உட்காரும்படி ஆயிற்று. உடன் படிப்போர் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டினார்கள். தலையைச் சுத்தம் செய்துகொண்டு வரும் வரையில் வர வேண்டாம் என்று ஒரு நாள் வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். விடியுமுன் கூலி வேலைக்குச் செல்லும் தாய், வேறு வழி தெரியாமல் குழந்தைக்கு மொட்டையடித்தாள். பேன் போயிற்று, கூடவே படிப்பும் போயிற்று. மொட்டைத் தலையுடன் வகுப்பில் போய் உட்கார மாட்டேன் என்று குழந்தை வீட்டோடு இருந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தின் பெயரையோ உபாத்தியாயரின் பெயரையோ நாம் இங்கு வெளியிடப் போவதில்லை. தனி மனிதர் மீது பழி சுமத்துவது நமது நோக்கமன்று. இவ்விதம் நடப்பது ஒரே ஒரு பள்ளிக்கூடத்தில் மட்டுந்தான் என்று எண்ணுவதும் பேதைமையாகும்.

நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. பேன் ஒரு குழந்தையின் குற்றமன்று. ஒரு தாயின் குற்றமுமன்று. அது ஒரு வகுப்பு முழுவதற்கும், ஒரு தெரு முழுவதற்கும் பொதுவான சங்கடம். பொதுச் சங்கடத்துக்குப் பொதுப் பரிகாரம் ஒன்றே பயன்படும். ஒருத்தியைப் பிடித்து வெளியே நிறுத்துவதால் அவளுக்கு அவமானமும் கல்வி நஷ்டமும் உண்டாகுமேயன்றி, வகுப்பிலுள்ள மற்ற தலைகளுக்கு எள்ளளவும் பாதுகாப்பு உண்டாகாது. இதனை நாம் இரக்கத்தின் பெயரால் மட்டும் கூறவில்லை. விஞ்ஞானத்தின் பெயராலும் சட்டத்தின் பெயராலும் கூறுகிறோம்.

முதலில் விஞ்ஞானத்தைப் பார்ப்போம். பேனுக்குச் சிறகில்லை, தத்திப் பாயும் கால்களும் இல்லை. அது மயிரைப் பற்றி ஊர்ந்து செல்லும், அவ்வளவே. ஒரு தலை மற்றொரு தலையைத் தொடும்போதுதான் பெரும்பாலும் அது இடம் மாறுகிறது. ஒரே புத்தகத்தைக் குனிந்து படிக்கும் இருவர், ஒரே பாயில் படுக்கும் சகோதரிகள், காதோடு காதாக இரகசியம் பேசும் தோழிகள் ஆகிய இவர்களிடையேதான் அது பரவுகிறது. பகைவரிடையே பேன் பரவுவதில்லை, நண்பரிடையேதான் பரவுகிறது. தலையை விட்டுக் கீழே விழுந்த பேன், இரத்தம் கிடைக்காமல் ஓரிரு நாட்களில் மடிந்துபோகும். ஆகையால் பெஞ்சுக்கும் சுவருக்கும் மருந்தடிப்பது வீண் செலவு.

பெண் பேன் ஏறக்குறைய 30 நாட்கள் உயிர் வாழும். நாளொன்றுக்கு 8 முட்டைகள் வரை இடும். அம்முட்டையையே நாம் ஈர் என்கிறோம். அது மயிரின் அடியில், தலைத்தோலுக்கு மிக அருகில், பசையிட்டாற்போல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏறக்குறைய 8 அல்லது 9 நாட்களில் அது பொரிக்கும். வெளிவந்த குஞ்சு, வளர்ந்து தானும் முட்டையிடும் பருவத்தை அடைய மேலும் ஏறக்குறைய 10 நாட்கள் ஆகும். தலைத்தோலிலிருந்து கால் அங்குலத்துக்கு அப்பால் மயிரில் வெள்ளையாகத் தெரியும் ஈர்களிற் பெரும்பாலானவை பொரித்துப் போன வெறும் கூடுகளே. அவற்றைக் கண்டு, இன்னும் பேன் இருக்கிறது என்று குழந்தையைத் திருப்பியனுப்புவது, காலி வீட்டைக் கண்டு திருடன் இருக்கிறான் என்று கூச்சலிடுவதை ஒக்கும்.

இன்னுமொரு செய்தி உபாத்தியாயர்கள் முக்கியமாக அறிய வேண்டியது. முதன் முறையாகப் பேன் பற்றிய தலையில் உடனே அரிப்பு உண்டாவதில்லை. பேனின் உமிழ்நீருக்கு உடம்பு பகை கொண்டு அரிப்பெடுக்க 4 முதல் 6 வாரங்கள் வரை ஆகலாம். எனவே, ஒரு குழந்தை இன்று தலையைச் சொறிவது கண்டு நாம் விழித்துக்கொள்ளும்போது, அவள் ஒரு மாத காலமாகப் பேனுடன் நம் வகுப்பில்தான் இருந்திருக்கிறாள். அவளிடமிருந்து பரவ வேண்டியது முன்னமே பரவியாயிற்று. அவளுக்கு அருகில் அமர்ந்து, இன்னும் சொறியத் தொடங்காத வேறு சிலர் தலையிலும் பேன் இருக்கக்கூடும். அவர்களை உள்ளே வைத்துக்கொண்டு இவளை மட்டும் வெளியே அனுப்புவதில் என்ன நியாயம் இருக்கிறது? மடை உடைந்து வெள்ளம் வயலில் பாய்ந்த பின்னர் மடையைக் காத்திருப்பவனைத் தண்டிப்பதால் பயிர் பிழைக்குமோ?

"எல்லாம் அசுத்தத்தால் வருவது, சுத்தமான வீட்டுக் குழந்தைக்குப் பேன் வருமா?" என்று கேட்போர் பலர். வரும் என்பதே விடை. பேனுக்கு வேண்டியது இரத்தமும் மயிரும், அழுக்கன்று. நாள்தோறும் சீயக்காய் தேய்த்துக் குளிக்கும் தலையிலும் அது சுகமாகக் குடியிருக்கும். சுத்தத்தில் உலகுக்கே வழிகாட்டுவதாகப் பெருமை பேசிய இங்கிலாந்தின் கதையை நேயர்கள் அறிவது நலம். 1939-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் யுத்தம் மூண்டபோது, இலட்சக்கணக்கான குழந்தைகளை லண்டன், லிவர்பூல் முதலிய நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பினார்கள். வந்த குழந்தைகளின் தலையிற் பேனைக் கண்டு கிராமத்தார் கூக்குரலிட்டனர். கென்னத் மெல்லன்பி என்னும் விஞ்ஞானி 1941-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, பள்ளிக்கூடப் பரிசோதனைக் கணக்குகள் காட்டியதைவிடப் பேன் மிக அதிகமாக இருந்ததை அம்பலப்படுத்திற்று. நம்மை அசுத்தர் என்று இகழ்ந்தவர்களின் வீட்டுக் குழந்தைகளுக்கும் பேன் இருந்தது. இதை நாம் மகிழ்ச்சியோடு கூறவில்லை. பேனுக்கு இனமில்லை, மதமில்லை, அந்தஸ்தில்லை என்பதற்குச் சாட்சியாகவே கூறுகிறோம்.

இனி, இதனால் விளையும் தீங்கு எவ்வளவு? இங்கும் தராசை நேராகப் பிடிக்க வேண்டும். பேன் கொடிய விஷக்காய்ச்சலைப் பரப்பும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். டைபஸ் என்னும் அக்காய்ச்சலைப் பரப்புவது உடம்பிலும் உடையிலும் வாழும் பேன், தலைப்பேன் அன்று. இவ்வுண்மையை 1909-இல் துனிஸ் நகரத்தில் கண்டறிந்த சார்லஸ் நிக்கோல் என்னும் பிரெஞ்சு வைத்தியருக்கு 1928-இல் நோபல் பரிசு கிடைத்தது. ருஷ்யாவில் உள்நாட்டுப் போர்க் காலத்தில் டைபஸ் ஜனங்களை வாரிக்கொண்டு போனபோது, 1919 டிசம்பரில் சோவியத் மாநாட்டில் பேசிய லெனின், சோஷலிஸம் பேனை வெல்ல வேண்டும், அன்றேல் பேன் சோஷலிஸத்தை வென்றுவிடும் என்ற கருத்துப்படக் கூறினார். அவர் சொன்னது உடற்பேனைப் பற்றி. நம் குழந்தைகளின் தலைப்பேன் அத்தகைய எமனன்று.

ஆயினும் அதனை அலட்சியம் செய்துவிடவும் நாம் சொல்லவில்லை. இரவெல்லாம் அரிப்பால் தூக்கம் கெட்ட குழந்தை, பகலில் கணக்கிலும் பாடத்திலும் மனம் செலுத்த இயலாது. சொறிந்த இடம் புண்ணாகும். புண்ணில் கிருமி ஏறிச் சீழ் வைக்கும். கழுத்தில் நெறி கட்டும். இவை தீர்க்கக் கூடியவையே. தீர்ப்பதற்கு அரிதானது, பலர் முன்னிலையில் பட்ட அவமானத்தால் குழந்தையின் மனத்தில் உண்டாகும் புண். பேன் விளைக்கும் தீங்கைவிடப் பேனுக்காக நாம் விளைக்கும் தீங்கு பெரிது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையில், பேனையோ ஈரையோ காரணமாகக் கொண்டு ஆரோக்கியமுள்ள எந்தக் குழந்தையையும் பள்ளிக்கூடத்திலிருந்து தடுக்கலாகாது என்று திட்டமாகக் கூறியிருக்கிறது. ஈர் ஒன்றுகூட இல்லாத தலையோடு வந்தால்தான் உள்ளே விடுவோம் என்னும் விதியைக் கைவிட வேண்டும் என்பதும் அக்கழகத்தின் முடிவு. நம் நாட்டுச் சட்டமும் இதற்கு மாறானதன்று. 2009-ஆம் ஆண்டில் நிறைவேறி 2010 ஏப்ரல் முதல் நாள் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளிக்கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. அதன் 17-ஆம் பிரிவு, குழந்தையை உடலால் தண்டிப்பதை மட்டுமன்றி மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. தலையிற் பேன் இருக்கிறது என்பதற்காகப் பலர் அறியத் தனியே உட்கார வைப்பதும், நாள் குறிப்பிடாமல் வீட்டுக்கு அனுப்புவதும் மனத்துன்பம் அன்றென்று எந்த வக்கீல் வாதிப்பார்? வாதித்தாலும் எந்த நீதிபதி ஏற்பார்?

தனிப் பெஞ்சு என்ற சொல்லைக் கேட்கும்போதே மதுரை ஜனங்களுக்கு உடம்பு கூச வேண்டும். 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி, தீண்டாதார் என்று ஒதுக்கி வைத்திருந்த நம் சகோதரர்களை அழைத்துக்கொண்டு ஸ்ரீ அ. வைத்தியநாதய்யர் மீனாக்ஷியம்மன் ஆலயத்தினுள் நுழைந்தது இந்நகரத்தில்தான். கோயிலில் ஒழித்த ஒதுக்கலை வகுப்பறையில் வேறு பெயரால் புகுத்தலாமா? பேனைக் காரணம் காட்டி ஒதுக்கும்போது அந்த ஒதுக்கல் யார் மீது விழுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வசதியுள்ள வீட்டுக் குழந்தையின் தலையிற் பேன் கண்டால் தாய்க்குத் தொலைபேசியில் மெதுவாகச் செய்தி போகிறது. கூலிக்காரர் வீட்டுக் குழந்தைக்கோ கடைசி வரிசை கிடைக்கிறது. பேனுக்கு அந்தஸ்தில்லை என்று மேலே கூறினோம்; பேனுக்காக விதிக்கும் தண்டனைக்கு அந்தஸ்து உண்டு என்பதை வெட்கத்தோடு இங்கே கூற வேண்டியிருக்கிறது.

மொட்டையடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாரியம்மன் சந்நிதியிலோ பழனியிலோ முடி இறக்குவது நேர்த்திக்கடன், அதில் பெருமையுண்டு. பிறர் கட்டாயத்தின் பேரில் முடி இறக்குவது தண்டனை. அதில் அவமானமே உண்டு. கைம்பெண்களின் தலையை மழித்த கொடுமையை எதிர்த்து நம் முன்னோர் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதைத் தேசத் தொண்டர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பத்து வயதுப் பெண்ணின் கூந்தலை அவள் அழ அழச் சிரைத்தெறிவதும் அவ்வகையைச் சேர்ந்ததே. அதனால் பேன் ஒழியும் என்பது மெய். ஆனால் தெருவில் மற்றவர் தலைகள் அப்படியே இருக்க, மயிர் மீண்டும் வளர்ந்ததும் பேனும் மீண்டும் வந்து சேரும்.

அவசரத்தில் கையாளும் வேறு பரிகாரங்கள் இன்னும் ஆபத்தானவை. மண்ணெண்ணெயைத் தலையில் ஊற்றுவோர் உளர். அது தோலைப் புண்ணாக்கும். அடுப்பருகே சென்றால் தீப்பற்றும். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தைத் தடவுவோரும் உளர். அம்மருந்து தோல் வழியே உடம்பில் ஏறி உயிரையே போக்க வல்லது. தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் கலந்து வைக்கும் வழக்கமும் இருக்கிறது. அதைச் சிறு குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் வலிப்பு உண்டாகும். சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசும் வழக்கம் நம் பக்கத்தில் பழமையானது. அவ்விதைக்குப் பேனைக் கொல்லும் சக்தி உண்டு. அதே சக்தி கண்ணையும் கெடுக்கும். அப்பொடி கண்ணிற்பட்டு விழி புண்ணாகி வந்தவர்களைப் பற்றி இந்தியக் கண் வைத்தியர்கள் மருத்துவ சஞ்சிகைகளில் எழுதியிருக்கிறார்கள். பாட்டி வைத்தியம் என்பதனாலேயே எல்லாம் சாதுவானவை என்று கொள்வது தவறு.

கடை மருந்துகளின் வரலாற்றிலும் நமக்குப் பாடம் உண்டு. 1943-44 குளிர்காலத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் டைபஸ் பரவியபோது டி.டி.டி. தூளைத் தூவி அதை அடக்கினார்கள். இனிப் பேனுக்கு முடிவுகாலம் வந்ததென்று உலகம் எண்ணிற்று. சில ஆண்டுகளுக்குள், 1951-இல், கொரியாவில் டி.டி.டி.க்கு அசையாத உடற்பேன்களைக் கண்டார்கள். லிண்டேன் என்ற மருந்தை ஒரு காலத்தில் வைத்தியர்களே பேனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அது நரம்பைத் தாக்கும் என்று தெரிந்தது. பூச்சிமருந்தாக அதனை உற்பத்தி செய்வதை இந்திய ஸர்க்கார் 2011-இலும், உபயோகிப்பதை 2013-இலும் தடை செய்தது. இன்று வழங்கி வரும் 1 சதவீதப் பெர்மெத்ரின் ஓரளவு பத்திரமானது. தலையைக் கழுவித் துவட்டிய பின் அதனைத் தடவி, 10 நிமிஷம் வைத்திருந்து அலச வேண்டும். அது பேனைக் கொல்லும். ஈர் முழுவதையும் கொல்லாது. ஆகையால் தப்பிய ஈர் பொரித்து, குஞ்சு முட்டையிடத் தொடங்குமுன், 9-ஆம் நாள் மறுமுறை தடவுவது இன்றியமையாதது. முதல் முறையோடு நிறுத்திவிட்டு, மருந்து போலி என்று கடைக்காரனை ஏசுவோரே அதிகம். இம்மருந்துக்கும் அசையாத பேன்கள் பல தேசங்களில் பெருகி வருகின்றன என்பதும் உண்மை. இரண்டு முறை முயன்றும் தீராவிடில், ஐவர்மெக்டின் முதலான வேறு மருந்துகளை வைத்தியர் சொற்படியே கொள்ள வேண்டும்.

பேன் பழக முடியாத ஆயுதம் ஒன்று உண்டு. அதுதான் பற்கள் நெருக்கமான பேன் சீப்பு. அதன் பழமையை என்னென்பது! இன்றைய இஸ்ரேலிலுள்ள பழம்பெரும் நகரமாகிய லாக்கீஷில் 2016-இல் தோண்டி எடுத்த ஒரு தந்தச் சீப்பில், தலையிலும் தாடியிலுமுள்ள பேனை இது வேரறுக்கட்டும் என்ற பொருள்படும் வாசகம் செதுக்கியிருப்பதை அறிஞர்கள் 2022-இல் வெளியிட்டார்கள். அச்சீப்பு ஏறக்குறைய 3,700 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அகர வரிசை எழுத்தில் முழு வாக்கியமாக இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழமையானவற்றில் ஒன்று அது. நம் நாட்டிலும் பிற்பகலில் திண்ணையில் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து பேன் பார்க்கும் வழக்கம் நேற்று வரை இருந்தது. தாய்மார்கள் விடியற்காலையிலேயே வேலைக்கு ஓட நேர்ந்த பின்னர் அவ்வழக்கம் தேய்ந்துவிட்டது. அதைப் பழமை என்று ஒதுக்கியது பிழை. இங்கிலாந்தில் நடத்திய பரீக்ஷை ஒன்றின் முடிவு 2005-இல் வெளியாயிற்று. சீப்பை முறைப்படி உபயோகித்தவர்களில் 57 சதவீதத்தினர்க்கும், கடை மருந்தை உபயோகித்தவர்களில் 13 சதவீதத்தினர்க்குமே பேன் நீங்கிற்று.

முறை எளியது. தலையை நனைத்து, வழுக்கும்படி எண்ணெயோ கண்டிஷனரோ தடவிக்கொள்ள வேண்டும். எண்ணெயைப் பேன் கொல்லும் மருந்தென்று நம்பலாகாது. சீப்பு தடையின்றி ஓடவும் பேன் தப்பியோடாதிருக்கவும் அது உதவும். சிக்கெடுத்த பின் மயிரைச் சிறு சிறு பாகமாகப் பிரித்து, தலைத்தோலைத் தொட்டு அடியிலிருந்து நுனி வரை பேன் சீப்பால் வாரி, ஒவ்வொரு வாரலுக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். இதனை முதல் நாள், 5-ஆம் நாள், 9-ஆம் நாள், 13-ஆம் நாள் என நான்கு முறை செய்ய வேண்டும். முதல் நாள் தப்பிய ஈர் பொரித்து வெளிவரும் குஞ்சு, முட்டையிடும் பருவம் அடையுமுன்னரே அடுத்த வாரலில் அகப்பட்டுவிடும். கணக்கு இதுதான். நாள் தவறினால் கணக்கும் தவறும்.

ஆனால் ஒரு வீட்டார் மட்டும் இக்கணக்கைக் காத்து என்ன பயன்? அடுத்த வீட்டில் வாரவில்லையேல், பேன் அங்கிருந்து திரும்பி வரும். ஆகையால் வகுப்பு முழுவதும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். 2015 முதல் குடற்புழு நீக்கும் தினம் என்று ஒரு நாள் குறித்து, நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்து வருகிறார்கள். யாருக்குப் புழு, யாருக்கு இல்லை என்று அங்கே எவரும் பட்டியல் வாசிப்பதில்லை. எவருக்கும் அவமானமும் இல்லை. அந்த நெறியைப் பேனுக்கும் கையாள வேண்டும் என்பதே நமது யோசனை. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. மருந்து எல்லோருக்கும் வேண்டியதில்லை. உயிருள்ள பேன் கண்டவர்க்கு மட்டும் போதும். சீப்போ எல்லோருக்கும் வேண்டும். வகுப்பிலுள்ள ஒவ்வொரு குழந்தையும், ஆணாயினும் பெண்ணாயினும், ஒரு சீப்பும் ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு தேதிகளும் வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும். தலை பார்ப்பது வீட்டில் நடக்கட்டும். வகுப்பின் நடுவில் அன்று. எல்லோர் கையிலும் சீப்பு இருந்தால் எவர் தலையில் பேன் என்று விரல் நீட்ட இடமேது?

இதற்குப் பணம் எங்கே என்று கேட்கலாகாது. ஏழைக் குழந்தை பசியோடு படிக்க முடியாது என்று 1956-இல் காமராஜர் காலத்தில் மதிய உணவைத் தொடங்கிய நாடு இது. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்ததும் இதே மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான். புத்தகம், சீருடை, பை, காலணி ஆகிய இவற்றையெல்லாம் இலவசமாகக் கொடுக்கும் தமிழ்நாட்டு ஸர்க்காருக்கு ஒரு சீப்பு பெரும் சுமையாகுமா? 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்னும் சிறுவர் நலத் திட்டத்தின்படி வைத்தியக் குழுவினர் பள்ளிக்கூடங்களுக்கு வந்து பரிசோதிக்கிறார்கள். தோல் நோயும் அவர்கள் பார்க்க வேண்டியவற்றுள் ஒன்று. அவர்கள் வரும்போது உபாத்தியாயர்களுக்கும் தாய்மாருக்கும் பேனைப் பற்றி அரைமணி நேரம் விளக்கிச் சொல்லலாமே. மாநகராட்சியார் தங்கள் பள்ளிகளில் இதை முதலில் நடத்திக் காட்டட்டும், வண்டியூரிலிருந்து தொடங்கட்டும்.

உபாத்தியாயர்களுக்கு ஏற்கெனவே வேலை மிகுதி என்பதை நாம் அறியாமலில்லை. நாம் அவர்களைக் குழந்தைகளின் தலையைக் கிளறும்படி கேட்கவில்லை. தேதியை அறிவித்தல், தனிப் பெஞ்சை ஒழித்தல், பட்டப்பெயரைத் தடுத்தல் ஆகிய இம்மூன்றையுமே கேட்கிறோம். பேன் கண்ட குழந்தை அன்று மாலை வரை மற்றவர்களோடு அமர்ந்து படித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பரிகாரம் தொடங்கி, மறுநாள் வழக்கம்போல் வரட்டும். தாயிடம் சொல்ல வேண்டியதைத் தனியே, தணிந்த குரலில் சொல்லட்டும்.

கடைசியாக, இப்பத்திரிகையைப் படிக்கும் தேச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. சுகாதாரக் கல்வியைக் காந்தியடிகள் 1941-இல் எழுதிய நிர்மாணத் திட்டத்தில் ஓர் அங்கமாகச் சேர்த்தார். மேடை ஏறிப் பேசுவதோடு தேசத்தொண்டு முடிந்துவிடாது என்பதே அதன் கருத்து. கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஸர்க்கார் பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் ஸ்திரீகள். நம் நேயர்களில் எத்தனை பேர் தம் குழந்தை படிக்கும் பள்ளியின் குழுக் கூட்டத்துக்குச் சென்றிருக்கிறார்கள்? அடுத்த கூட்டத்துக்குச் சென்று, சீப்பு நாள் ஒன்றைக் குறிக்கும்படி தீர்மானம் கொண்டு வாருங்கள். சீப்புக்கு ஸர்க்கார் தரும் வரை காத்திராமல் வார்டுக்கு வார்டு நிதி திரட்டுங்கள். வீட்டிலும் ஒரு கடமை உண்டு. பேன் பார்ப்பது பெண்பிள்ளைகள் வேலை என்று ஆண்கள் விலகிக்கொள்வது வழக்கமாயிருக்கிறது. நாள் முழுதும் உழைத்துக் களைத்து வந்த மனைவியின் கையிலிருந்து சீப்பை வாங்கி, விளக்கடியில் மகளை உட்கார வைத்து வாரும் தகப்பன் எவ்வகையிலும் தாழ்ந்துவிட மாட்டான்.

பேன் பெருமாளுமன்று, புறக்கணிக்கத்தக்க தூசியுமன்று. நான்கு நாட்கள், ஒரு சீப்பு, சிறிது பொறுமை, வகுப்பு முழுவதன் ஒற்றுமை ஆகிய இவையே அதற்குப் பரிகாரம். இவ்வளவு சிறிய காரியத்தை ஒன்றுகூடிச் செய்ய முடியாத ஜனங்கள், பெரிய காரியங்களை ஒன்றுகூடிச் செய்வோம் என்று தீர்மானம் போடுவதில் பொருளில்லை. வருகிற ஜூன் மாதம் பள்ளிக்கூடங்கள் திறக்கும்போது, வண்டியூரில் எந்தக் குழந்தையும் கடைசி வரிசையில் தனியே உட்காரலாகாது. எந்தப் பெண்ணும் மொட்டைத் தலைக்கு அஞ்சிப் படிப்பை விடலாகாது. பள்ளிக் குழுவினரும் மாநகராட்சியாரும் இதை ஏற்று நடத்துவார்கள் என்றே எதிர்பார்க்கிறோம்.